காந்தப்புலத்தில் எலக்ட்ரான் போவதும் கால்சைட்டில் ஒளி போவதும் ஒன்றுதானா?

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். காந்தப்புலத்தில் எலக்ட்ரானின் பாதை, திசையொப்புப் பண்பற்ற, அதாவது திசைக்குத் திசை பண்பு மாறுகிற, ஊடகத்தில் ஒளி போகும் பாதையைப் போன்றது என்று எலக்ட்ரான் ஒளியியல் புத்தகத்தில் ஒரு வரி படித்திருக்கிறீர்கள். அப்படியானால் கால்சைட் என்ற ஒளி ஊடுருவும் படிகத்தின் வழியாகப் பார்த்தால் எழுத்து இரண்டாகத் தெரிவது போல எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஏன் இரட்டைப் பிம்பம் விழுவதில்லை என்பது ஒன்று. கால்சைட்டுக்காக எழுதி வைத்திருக்கும் கதிர்ப்பாதை நிரலில் விலகல் எண்ணை (ஊடகத்தில் ஒளி எவ்வளவு வளையும் என்று சொல்லும் எண்ணை) மட்டும் மாற்றி எலக்ட்ரானுக்கு ஓட்டலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே சந்தேகம்தான்: இந்த ஒப்புமை பேச்சுக்குச் சொல்வதா, கணக்கிலும் நிற்குமா? நான் பல வருடமாக ஊடுருவல் எலக்ட்ரான் நுண்ணோக்கிகளோடு வேலை பார்க்கிறவன். படிகத்துக்குள் ஓடும் எலக்ட்ரான்கள் என் நேரடித் துறை இல்லை. அந்தப் பகுதியைப் படித்துத் தெரிந்துகொண்டவனாகத்தான் சொல்கிறேன். சுருக்கமான பதில்: பாதையின் வடிவத்தைப் பொறுத்தவரை ஒப்புமை துல்லியமாகவே நிற்கும். ஆனால் காந்தப்புலம் தரும் திசைச்சார்பும் கால்சைட்டின் திசைச்சார்பும் வேறு வேறு இனம். கால்சைட்டுக்கு நிஜமான ஜோடி வேண்டுமென்றால் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகத்துக்குள் போய்த் தேட வேண்டும்.

முதலில் காந்தப்புலமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 100 வோல்ட்டால் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் ஒன்று மெல்லிய எல்லையைத் தாண்டி, மின்னழுத்தம் 400 வோல்ட்டாக இருக்கும் பகுதிக்குள் நுழைகிறது. எல்லைக்கு இணையான உந்தக் கூறு மாறாது. மொத்த உந்தம் இரு மடங்காகிவிடும். ஆகவே செங்குத்துக் கோட்டோடு 30 டிகிரியில் வந்த எலக்ட்ரான், உள்ளே சுமார் 14.5 டிகிரியில் போகும். இது அப்படியே ஸ்னெல் விதி. விலகல் எண்ணின் இடத்தில் உந்தம் உட்கார்ந்திருக்கிறது, அதாவது மின்னழுத்தத்தின் வர்க்கமூலம். எலக்ட்ரான் எந்தத் திசையில் போனாலும் அந்த எண் மாறாது. மின்புலம் மட்டும் உள்ள வெற்றிடம், இடத்துக்கு இடம் விலகல் எண் மாறுகிற சாதாரணக் கண்ணாடிக்குச் சமம். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

ஆனால் இங்கேயே ஒரு உறுத்தல் வரும். ஒளி அடர்ந்த ஊடகத்தில் மெதுவாகப் போகும். நீரில் அது காற்றில் போவதைவிட மெதுவாகப் போகிறது என்று ஃபூக்கோ 1850இல் காட்டினார். நம் எலக்ட்ரானோ விலகல் எண் கூடிய இடத்தில் வேகமாகப் போகிறது. ஒளியைத் துகளாக நினைத்த நியூட்டன் எதிர்பார்த்ததும் இதுதான். முரண்பாடு போலத் தெரிந்தாலும் டி பிராய் 1924இல் அதை அவிழ்த்துவிட்டார். அலையின் முகடு நகரும் வேகம் வேறு, அலைத்தொகுப்பு, அதாவது துகள், நகரும் வேகம் வேறு. உந்தம் கூடினால் முகட்டின் வேகம் குறைகிறது, துகளின் வேகம் கூடுகிறது. ஒளிக்கு ஃபெர்மா கொள்கை நேரத்தைக் கணக்குப் பார்க்கிறது. எலக்ட்ரானுக்கு மோபெர்ட்டியூ கொள்கை உந்தத்தைத் தூரத்தோடு பெருக்கிக் கூட்டிக் கணக்குப் பார்க்கிறது. இரண்டும் ஒரே வளைவைத் தரும். ஆகவே ஒப்புமையை வைத்துப் பாதையை வரையலாம், பயண நேரத்தைக் கணிக்கக் கூடாது. இந்த ஒற்றுமையை முதலில் கண்டது ஹாமில்டன். ஈரச்சுப் படிகங்களில், அதாவது இரண்டு ஒளியியல் அச்சுகள் உள்ள படிகங்களில், ஒளிக்கதிர் ஒரு கூம்பாக விரியும் என்று அவர் 1832இல் கணித்தார். லாயிட் அரகொனைட் படிகத்தில் அதைச் செய்து காட்டினார். கதிர்களுக்காக உருவாக்கிய அதே வழிமுறையை ஹாமில்டன் 1834இல் துகள்களின் இயக்கத்துக்குக் கொண்டுபோனார். திசையொப்புப் பண்பற்ற படிகங்களில் ஊறிய கைதான் இயக்கவியலைத் தொட்டது.

சரி, இப்போது காந்தப்புலத்தைப் போடுவோம். காந்தப்புலம் எலக்ட்ரானின் வேகத்தை மாற்றாது, திருப்ப மட்டும் செய்யும். அப்படியானால் உந்தத்தின் அளவை மட்டும் விலகல் எண்ணாக வைத்தால் பாதை நேர்கோடாகத்தான் வரும். வளைவு வேண்டுமென்றால் எண்ணுக்குள் இன்னொரு உறுப்பு வேண்டும். அதுதான் காந்த வெக்டர் பொட்டென்ஷியல்: காந்தப்புலத்தைக் கணக்கிட உதவும், திசையுள்ள ஒரு கணித அளவு. அதன் பயணத் திசைக் கூறை எலக்ட்ரானின் மின்னூட்ட அளவால் பெருக்கி, உந்தத்திலிருந்து கழிக்க வேண்டும். 1930களில் வால்டர் கிளேசர் எலக்ட்ரான் ஒளியியலை இந்த அடிப்படையில்தான் கட்டினார். திசை மாறினால் கூறு மாறும், கூறு மாறினால் எண் மாறும். உங்கள் புத்தகத்து வரி சொல்வது இவ்வளவுதான்.

இது எவ்வளவு பெரிய விளைவு? 200 கிலோவோல்ட் நுண்ணோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் புலம் 1 டெஸ்லா என்றும், அச்சிலிருந்து 10 மைக்ரோமீட்டர் விலகி எலக்ட்ரான் போகிறது என்றும் வைப்போம். வெக்டர் பொட்டென்ஷியலை அச்சைச் சுற்றிச் சமச்சீராக எழுதினால், திசைசார் உறுப்பு மொத்த எண்ணில் அதிகபட்சம் ஏறத்தாழ 0.3 சதவீதம். சின்ன எண்தான், ஆனால் திரையில் கண்ணுக்கே தெரியும். லென்ஸின் மின்னோட்டத்தைக் கூட்டினால் பிம்பம் பெரிதாவதோடு நிற்பதில்லை, சுழலவும் செய்கிறது. 1 டெஸ்லா புலம் 2 மில்லிமீட்டர் தூரம் இருந்தாலே 200 கிலோவோல்ட் எலக்ட்ரான்களுக்குச் சுமார் 35 டிகிரி சுழற்சி வரும். பழைய கருவிகளில் பச்சைத் திரையில் மாதிரியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருகினால், ஓரம் கடிகார முள் மாதிரி நகர்வதைக் காணலாம். புதிய கருவிகளில் பல லென்ஸ்களின் சுழற்சியை ஒன்றுக்கொன்று ஈடுகட்டி மறைத்துவிடுகிறார்கள். அதனால் இன்றைய மாணவர்களுக்கு இதைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. கண்ணாடி லென்ஸ் எதுவும் பிம்பத்தை இப்படிச் சுழற்றாது.

இனி லென்ஸின் மின்னோட்டத்தைத் தலைகீழாக ஓட்டினால் என்ன ஆகும்? குவியம் அப்படியே இருக்கும். சுழற்சி மட்டும் எதிர்ப்பக்கமாக மாறிவிடும். குவிப்பு புலத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது, சுழற்சி புலத்தையே சார்ந்தது. கால்சைட்டுக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள வேறுபாடு முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. கால்சைட்டில் ஒரு திசைக்கும் அதன் நேர் எதிர்த் திசைக்கும் விலகல் எண் ஒன்றே. சாதாரணக் கதிருக்கு 1.658, அசாதாரணக் கதிருக்குத் திசையைப் பொறுத்து 1.486 வரை இறங்கும். ஆனால் போனாலும் வந்தாலும் அதே எண். காந்தப்புலத்தில் அப்படி இல்லை. எதிர்த் திசையில் வந்தால் கழித்த உறுப்பு கூட்டலாகிவிடும். ஓடும் ஆற்றில் படகு விடுவதைப் போலத்தான்: ஓட்டத்தோடு போகிறவனுக்கு ஒரு கணக்கு, எதிர்த்து வருகிறவனுக்கு வேறு கணக்கு. அதனால் எலக்ட்ரானை வந்த வழியே திருப்பி விட்டால் அது பழைய தடத்தில் போகாது. புலத்தையும் சேர்த்துத் திருப்பினால்தான் போகும். ஒளியில் இதற்கு இணை தேடினால் கால்சைட்டைவிட, 1845இல் ஃபாரடே ஈயக் கண்ணாடியில் கண்ட சுழற்சிதான் நெருங்கி வரும். அங்கேயும் காந்தப்புலத்தின் வழியே போய்த் திரும்பும் ஒளியில் சுழற்சி கழிந்துபோகாமல் இரட்டிக்கிறது.

இரட்டைப் பிம்பக் கேள்விக்கு இப்போது வரலாம். கால்சைட்டில் பிம்பம் இரண்டாவதற்குத் திசைச்சார்பு மட்டும் காரணமில்லை. ஒளிக்கு இரண்டு தளவிளைவு நிலைகள், அதாவது அலை அதிரும் திசைகள், உண்டு. படிகம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலகல் எண் வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரு சென்டிமீட்டர் தடிமனான கால்சைட் துண்டில் இரண்டு பிம்பங்களும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கின்றன. நுண்ணோக்கியின் எலக்ட்ரானுக்கு நாம் எழுதிய விலகல் எண் ஒன்றே ஒன்று. ஒரு எண் இருந்தால் ஒரு கதிர், ஒரு பிம்பம். எலக்ட்ரானுக்கும் ஸ்பின் என்று இரண்டு நிலை உண்டே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. 1 டெஸ்லா புலத்தில் ஸ்பின்னால் வரும் ஆற்றல் மாற்றம் ஒவ்வொரு நிலைக்கும் சுமார் 0.00006 எலக்ட்ரான்வோல்ட். 200 கிலோவோல்ட் எலக்ட்ரானின் விலகல் எண்ணில் அது ஆயிரம் கோடியில் ஓரிரு பங்கு. எந்தத் திரையிலும் அது தெரியப்போவதில்லை. சுதந்திர எலக்ட்ரான் கற்றையை ஸ்பின் வாரியாகப் பிரிக்கவே முடியாது, நகரும் மின்னூட்டத்தைக் காந்தப்புலம் திருப்பும் லாரென்ட்ஸ் விசை எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும் என்று இயற்பியலாளர்கள் நீல்ஸ் போரும் பவுலியும் வாதிட்டார்கள். 1990களின் கடைசியில் அந்த வாதம் மறுபடியும் விவாதத்துக்கு வந்தது. கொள்கையளவில் முடியுமா என்பதில் நான் பக்கம் சாயமாட்டேன். நடைமுறையில் நுண்ணோக்கிக்கு அது பொருட்டே இல்லை.

இதைவிட ஆழமான வேறுபாடு ஒன்று இருக்கிறது, பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன. கால்சைட்டின் 1.658 என்ற எண்ணை நீங்கள் ஆய்வகத்தில் அளந்துவிடலாம். காந்தப்புலத்தில் ஒரு புள்ளியில், ஒரு திசையில் எலக்ட்ரானின் விலகல் எண் என்ன என்று கேட்டால் அதற்கு விடையே கிடையாது. ஒரே காந்தப்புலத்துக்கு வெக்டர் பொட்டென்ஷியலைப் பல விதமாக எழுதலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலகல் எண்ணைத் தரும், பாதை மட்டும் மாறாது. மேலே நான் 0.3 சதவீதம் என்று சொன்னபோது அச்சைச் சுற்றிச் சமச்சீராக எழுதினால் என்று ஒரு நிபந்தனை போட்டது அதனால்தான். வேறு மாதிரி எழுதினால் அந்த 0.3 வேறு எண்ணாகிவிடும். எலக்ட்ரான் போகும் வளைவு, அப்புறம் இரண்டு பாதைகள் ஒரு புள்ளியில் பிரிந்து இன்னொரு புள்ளியில் சேரும்போது அவற்றுக்கிடையே உள்ள கட்ட வேறுபாடு (ஒரு அலையின் முகடு மற்றதைவிட எவ்வளவு முந்தியிருக்கிறது என்பது), இவைதான் எப்படி எழுதினாலும் மாறாதவை. அந்த வேறுபாட்டில் காந்தத்தின் பங்கு, இரு பாதைகளும் சேர்ந்து வளைக்கும் பரப்பின் வழியே போகும் காந்தப் பாயத்தைப் பொறுத்தது. பாயம் 4.14 × 10⁻¹⁵ வெபர் என்றால் குறுக்கீட்டு வரிகள் சரியாக ஒரு வரி அளவு நகரும்.

விலகல் எண் என்ற கருத்தைக் கறாராகப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இங்கே நல்ல உதாரணம் உண்டு. எரென்பெர்க், சிடே என்ற இருவர் எலக்ட்ரான் ஒளியியலில் விலகல் எண்ணை எப்படிச் சரியாக வரையறுப்பது என்று ஆராய்ந்து 1949இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எலக்ட்ரான் காந்தப்புலத்தைத் தொடாமலே சுற்றிப் போனாலும் குறுக்கீட்டு வரிகள் நகரும் என்பது அந்தக் கணக்கிலிருந்தே வந்து விழுந்தது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1959இல் அஹரோனோவும் போமும் குவாண்டம் வழியில் அதே முடிவுக்கு வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பெயரும் அவர்களுக்கே போனது. 1986இல் ஜப்பானில் டோனோமுராவின் குழு, வளைய வடிவக் காந்தத்தை நியோபியம் மீக்கடத்தியால் மூடி, புலம் துளியும் வெளியே கசியாமல் பார்த்துக்கொண்டு, எலக்ட்ரான் ஹாலோகிராஃபி மூலம் அந்த நகர்வைப் படமெடுத்துக் காட்டியது. ஒளியியல் ஒப்புமையைச் சும்மா உவமை என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

கால்சைட் மாதிரியான, போனாலும் வந்தாலும் ஒரே எண் தருகிற திசைச்சார்பு எலக்ட்ரானுக்கு எங்கே கிடைக்கும்? படிகத்துக்குள். சிலிக்கனின் கடத்தும் எலக்ட்ரானுக்கு ஒரு திசையில் செயலுறு நிறை (படிகத்துக்குள் எலக்ட்ரான் எவ்வளவு கனமானது போல நடந்துகொள்கிறது என்பது), சுதந்திர எலக்ட்ரானின் நிறையில் 0.98 மடங்கு, அதற்குச் செங்குத்தான திசைகளில் வெறும் 0.19 மடங்கு. இதனால் எலக்ட்ரானின் அலை முன்னேறும் திசையும் எலக்ட்ரான் போகும் திசையும் ஒன்றாக இருக்காது. கால்சைட்டில் அசாதாரணக் கதிர் அலைமுகப்பின் செங்குத்திலிருந்து விலகிப் போவதும் இதே காரணத்தால்தான்: சம ஆற்றல் பரப்புக்குச் செங்குத்தான திசைதான் பயணத் திசை, அந்தப் பரப்பு இங்கே கோளமாக இல்லை. கால்சைட்டில் அந்த விலகல் அதிகபட்சம் 6 டிகிரி சொச்சம். சிலிக்கனில் அலைத் திசை அச்சோடு 45 டிகிரியில் இருந்தால், எலக்ட்ரான் 79 டிகிரியில் போகும். 34 டிகிரி விலகல்! ஆனால் அறை வெப்பநிலையில் ஒரு சிலிக்கன் துண்டில் மின்னோட்டத்தை அளந்தால் இது எதுவும் தெரியாது. இப்படிப்பட்ட நீள்வட்டப் பரப்புகள் ஆறு திசைகளில் இருக்கின்றன. எலக்ட்ரான்கள் ஆறிலும் பரவி, மோதி, ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன.

ஜெர்மானியத்தை மில்லிகெல்வின் அளவுக்கு, அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே, குளிர்வித்தால் கதை மாறுகிறது. பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளை (dark matter) தேடும் உணரிகளில் இத்தகைய படிகங்களைப் பயன்படுத்துகிறார்கள், அதனால்தான் இது இவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்டது. ஜெர்மானியத்தில் கனமான அச்சு கனசதுரத்தின் நான்கு மூலைவிட்டங்களின் வழியே கிடக்கிறது. அந்தத் திசையில் நிறை சுமார் 1.6 மடங்கு, குறுக்கே சுமார் 0.08 மடங்கு. கனசதுர விளிம்பின் திசையில் சிறிய மின்புலத்தைக் கொடுத்தால் எலக்ட்ரான்கள் நேராகப் போவதில்லை. நான்கு கூட்டமாகப் பிரிந்து, புலத்திலிருந்து ஏறத்தாழ 33 டிகிரி சாய்ந்து போகின்றன. ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று படிகத்தின் ஒரு முகத்தில் லேசர் புள்ளியால் எலக்ட்ரான்களை எழுப்பி, எதிர் முகத்தில் அவை எங்கே வந்து சேர்கின்றன என்று 2016இல் படமாக்கியது. தனித்தனியாக நான்கு திட்டுகள். நீங்கள் தேடிய பிம்பப் பிளவு இதுதான், இரண்டுக்குப் பதில் நான்கு. ஒரு எச்சரிக்கை மட்டும்: இது அலைக்கதிரின் சுத்தமான விலகல் இல்லை. எலக்ட்ரான் வழியெல்லாம் படிக அதிர்வுகளுக்கு ஆற்றலை இழந்தபடிதான் நகர்கிறது. பிளவுக்குக் காரணம் நிறையின் திசைச்சார்பு என்பது உறுதி. அதைக் கால்சைட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுவதற்கு நான் துணியமாட்டேன்.

ஒப்புமை வேறு எங்கே முறியும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒளியியல் வடிவமைப்பாளர் வேண்டிய இடத்தில் வேண்டிய கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வெற்றிடத்தில் புலம் லாப்லாஸ் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டுத்தான் இருக்கும். அதனால் வட்டச் சமச்சீருள்ள, நேரத்தோடு மாறாத லென்ஸ்களில் கோளப் பிறழ்ச்சியை (ஓரக் கதிர்களும் நடுக் கதிர்களும் ஒரே புள்ளியில் குவியாத குறையை) ஒழிக்கவே முடியாது என்று ஷெர்ட்சர் 1936இல் நிறுவினார். வட்டச் சமச்சீரைக் கைவிட்ட திருத்திகள் 1990களில் வந்த பிறகுதான் அந்தச் சுவர் உடைந்தது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும், ஒளிக்கதிர்கள் விலக்காது. கற்றை நெருக்கமாகும் இடத்தில் இது தொல்லை. கதிர் என்ற படத்தையே விட்டுவிட்டு, சார்பியலும் ஸ்பின்னும் சேர்ந்த டிராக் சமன்பாட்டிலிருந்தே காந்த லென்ஸின் கோட்பாட்டைக் கட்ட முடியும் என்று ஜெகந்நாதனும் சைமன், சுதர்சன், முகுந்தா ஆகியோரும் 1989இல் காட்டினார்கள். அந்த வழியில் பல வருடம் உழைத்த ஜெகந்நாதன் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றியவர். வழக்கமான நுண்ணோக்கியில் அந்தத் திருத்தங்கள் மிக நுண்ணியவை, ஆகவே கதிர்ப்படத்தைத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

கடைசியாக, உங்கள் நிரல். மின்புலம் மட்டும் என்றால் தாராளமாக ஓட்டலாம், விலகல் எண் இடத்துக்கு இடம் மாறும் கண்ணாடியாக. காந்தப்புலம் இருந்தால் எண்ணை மட்டும் மாற்றி ஓட்டாதீர்கள். கால்சைட் நிரல்கள் பொதுவாக எதிர்த் திசைக்கும் அதே எண் என்று எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு கதிரையும் இரண்டாகப் பிரிக்கின்றன. அலைச் செங்குத்துக்கும் கதிருக்கும் உள்ள கோணத்தை, திசையைப் புரட்டினாலும் மாறாத வாய்பாட்டால் கணக்கிடுகின்றன. மூன்றுமே இங்கே தப்பு. லாரென்ட்ஸ் விசைச் சமன்பாட்டை நேரடியாகத் தொகையிடுவதுதான் சுலபம். மின்னூட்டத் துகளின் பாதையைப் படிப்படியாகக் கணக்கிடும் போரிஸ் முறை இதற்கு நன்றாக உழைக்கும். வெக்டர் பொட்டென்ஷியலைத் தொடவே வேண்டாம். இல்லை, விலகல் எண் வழியில்தான் எழுதிப் பார்ப்பேன் என்றால், ஒரே புலத்துக்கு வெக்டர் பொட்டென்ஷியலை இரண்டு விதமாக எழுதி ஓட்டிப் பாருங்கள். எலக்ட்ரான் இரண்டு முறையும் ஒரே இடத்தில் போய் இறங்க வேண்டும். அப்புறம் சீரான 1 டெஸ்லா புலத்தில், புலத்துக்குச் செங்குத்தாக 200 கிலோவோல்ட் எலக்ட்ரானை விடுங்கள். 1.65 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டம் வர வேண்டும். 1.51 வந்தால் சார்பியல் திருத்தத்தை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.